அறுநூற்று நாலு

கூப்பிடுவதற்குள் கீழே போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்துவிடலாமா என்று யோசிப்பதிலேயே ஆவுடையப்பனுக்கு அரைமணி நேரம் போய்விட்டது. கக்கூஸ் கீழ்த்தளத்தில். இருபத்திரண்டு படி. ஏறும்போதே எண்ணியாயிற்று, எண்ணாமல் படி ஏறத் தெரியாத ஜென்மம். பாதிப் படியில் நிற்கும்போது மேலே 'சாட்சி ஆவுடையப்பன்' என்று கூப்பிட்டுவிட்டால்? ஆள் இல்லை என்று எழுதி அடுத்த தேதி போட்டுவிடுவார்கள். போடட்டுமே. அடுத்த தேதிக்குள் போய்ச் சேர்ந்தால்கூட யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை, எழுபத்து நாலு வயசு. செத்துப்போன சாட்சியிடம் ஒன்றும் கேட்க முடியாது, அவன் அடித்து வைத்துவிட்டுப் போன காகிதத்தைத்தான் கேட்க வேண்டும், காகிதம் ஆமாம் என்றுதான் சொல்லும், முப்பத்தெட்டு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை. பெஞ்சு ஆடியது. நாலு காலில் ஒன்று குட்டை. பாளையங்கோட்டைத் தொழிலாளர் அலுவலகத்தின் மாடி வராந்தாவில் இந்த ஒரு பெஞ்சுதான், வழக்குப் போட்டவனும் வழக்கு வாங்கியவனும் சாட்சியும் எல்லாம் இதிலேயே உட்கார வேண்டும். ஆவுடையப்பன் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்காரர்களின் சாட்சி. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், எக்ஸ்ரே ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் வாங்கியவர், அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையை வைத்தே வாங்கியவர். போன வாரம் அவர்களுடைய வக்கீல் வீட்டுக்கே வந்தான், சின்னப் பையன், நாலு ஆப்பிளோடு. "ஒண்ணுமில்ல சார், ரெண்டே கேள்வி. இந்த ஆய்வு நீங்க செஞ்சதுதானே? ஆமா. இதுல உள்ள அட்டவணை சரிதானே? ஆமா. ரெண்டு ஆமா. முடிஞ்சது. கார்ல கொண்டாந்து வீட்டுல விட்டுருதோம்." உள்ளேயிருந்து பிச்சம்மாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு இத்தன வருசத்துல ஒரு ஆமா சொன்னதில்ல இந்த மனுசன். அங்கயாவது ரெண்டு சொல்லட்டும்." வக்கீல் சிரித்தான். ஆவுடையப்பனும் சிரித்த மாதிரி ஞாபகம். ஆப்பிள் மாவாக இருந்தது, பல் கட்டிய வாய்க்கு அதுவே வசதி, மூன்று நாளில் நாலையும் தின்றாயிற்று. தின்றது வேறு இப்போது நெஞ்சில் நிற்கிறது.

எதிர்ச் சுவரோரம் கோப்புகள், சிவப்புத் துணியில் மூட்டை மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்தது. ஜன்னல் வெயில் அங்கே நேராக விழவில்லை. இருந்தும் மேல் மூட்டையில் ஒட்டிய சீட்டில் வருஷம் படிக்க முடிகிறது. எப்படி? வெயில் தரையில் பட்டு, சுவரில் பட்டு, எவனோ ஒருவன் வெள்ளைச் சட்டையில் பட்டு, சிதறி, அந்த மூலைக்கும் போகிறது. நாலு வருஷம் இதைத்தான் அவர் கணக்குப் போட்டார், வெயிலுக்குப் பதில் எக்ஸ்ரே. நேராகப் போகிற எக்ஸ்ரே உடம்பைத் துளைத்துப் படச்சுருளில் எலும்பை எழுதும். வழியில் முட்டித் திரும்பியது கோணல் வழியாக வந்து அதே படத்தில் விழுந்து எழுதியதை மங்கலாக்கும். எவ்வளவு மங்கல், அதைக் குறைப்பது எப்படி, அதுதான் ஆராய்ச்சி. கையால் போடுகிற கணக்கில்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எக்ஸ்ரே துகளுக்கும் தாயக்கட்டை உருட்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து அது தண்ணீரில் அடங்கும், அல்லது திரும்பும். எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு இன்னொரு உருட்டல். எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இன்னொன்று. தண்ணீர் ஏனென்றால் அவர் கணக்கில் நோயாளி என்பது ஒரு தண்ணீர்ப் பெட்டி. நீளம் முப்பது, அகலம் முப்பது, உயரம் இருபது சென்டிமீட்டர். தலை கிடையாது, கை கால் கிடையாது. இருமாது, அழாது, அம்மாவைத் தேடாது. அறையில் அதைத் தவிரக் காற்று. இன்றைக்கு இதை எந்தப் பொடியனும் மடிக்கணினியில் டீ குடித்து முடிப்பதற்குள் பத்துக் கோடி துகளுக்குப் போட்டுவிடுவான். அன்றைக்குக் கணக்கை அட்டையில் ஓட்டைகளாகப் போட்டு, பெட்டியில் அடுக்கி, ரப்பர் வளையம் மாட்டி, கம்ப்யூட்டர் இருக்கிற மெட்ராஸுக்கு ரயிலில் அனுப்ப வேண்டும். லட்சம் துகளுக்கு மேல் அனுமதியில்லை. ஒரு கமா தப்பினால் 'பிழை' என்று ஒரு வரி அடித்துத் திருப்பி அனுப்புவான், பத்து நாள் போச்சு. பாதித் துகள் படத்துக்கே வராது. பெட்டியின் பக்கவாட்டில் புறப்பட்டு அறைக்குள் போய்விடும். அவற்றை ஒரே தொட்டியில் போட்டு 'தொலைந்தவை' என்று பேர் வைத்திருந்தார். அப்படியே விட்டிருக்கலாம். கைடு தாணுமாலயன்தான் ஆரம்பித்தார்: "தொலைஞ்சது எங்கவே போகுது? அறையில நிக்கவன் மேலதான. அதையும் ஒரு பின்னிணைப்பாப் போடும். ஆய்வுக்கு ஒரு கனம் வரும்." கனம். போட்டார். மேஜையைச் சுற்றி ஆள் நிற்கக்கூடிய நாலு இடம், ஏ, பி, சி, டி. அந்த 'சி'தான் இப்போது இந்த மாடி வரை ஏறி வந்திருக்கிறது, அவருக்கு முன்னாலேயே.

"சார் நம்மள மறந்துட்டியளோ." பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள், பெஞ்சு மறுபக்கம் சாய்ந்தது. அவர் திரும்பவில்லை. குரல் தெரிந்துதான் இருந்தது. குரலை மட்டும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று பட்டது. "எப்சிபா சார். எக்ஸ்ரே ரூம்பு." திரும்பினார். பாதிதான் இருந்தாள். அந்தக் காலத்தில் ஒரு ஆளை இடுப்போடு தூக்கி மேஜையில் கிடத்துவாள், எக்ஸ்ரே அறை ஆயாவுக்கு அந்த உடம்பு வேண்டும். இப்போது சேலைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. "மறக்கல" என்றார். "மறந்திருக்க மாட்டிய. நாங்க மறப்பமா? தண்ணிக்கேன் சார்லா நீங்க." அவள் சிரித்தபோது ஈறு வெளுத்துத் தெரிந்தது. கணக்கைச் சரிபார்க்க அவர் தினமும் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்த காலத்தில் ஆயாக்கள் வைத்த பேர். "தண்ணியப் படம் புடிச்சு டாக்டர் ஆனவருன்னு எம் மருமகன்கிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கான்." என்ன நோய் என்று கேட்க வேண்டியதில்லை, சம்மனோடு வைத்திருந்த மனுவில் இருக்கிறது: ரத்தப் புற்று, தினம் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்ததால் வந்தது, ஆகவே ஆஸ்பத்திரிதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். இல்லை என்று ஆஸ்பத்திரி சொல்கிறது. ஏனென்றால் 'சி' இடத்தில் விழும் சிதறல், அரசு அனுமதித்த அளவில் இருபதில் ஒரு பங்குதான். யார் சொன்னது? முனைவர் ச. ஆவுடையப்பன் சொன்னது, பக்கம் நூற்றுப் பதினெட்டு. "மாத்திரை எப்பிடி? ஒத்துக்கிடுதா?" என்று கேட்டார். "சாப்பிட்டா வாந்தி. சாப்பிடலன்னா சாவு. வாந்தியே தேவலன்னு இருக்கேன்." இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்தச் சிரிப்பு அவருக்கு எரிச்சலாக இருந்தது. அழுதிருந்தால் எழுந்து போயிருக்கலாம், கீழே, இருபத்திரண்டு படி, போய் இருந்துவிட்டு வந்திருக்கலாம். இப்போது எழுந்தால் அவளைப் பார்த்து ஓடுகிற மாதிரி ஆகும். அடிவயிறு கல்லாக இருந்தது.

'சி' என்பது மேஜையிலிருந்து ஒரு மீட்டர். விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது, படம் எடுக்கும்போது எந்த ஊழியரும் மேஜையிலிருந்து ஒரு மீட்டருக்குள் நிற்கக் கூடாது. புத்தகத்தை எழுதியவன் ஒரு நாள்கூட ஒரு பிள்ளையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்க மாட்டான். ரெண்டு வயசுப் பிள்ளை, நெஞ்சில் சளி, மேஜையில் கிடத்தினால் கிடக்குமா? யாராவது பிடிக்க வேண்டும். தோளை ஒரு கை, ரெண்டு காலையும் சேர்த்து ஒரு கை. கிழவிகளைப் பிடிக்க வேண்டும், குடித்துவிட்டு லாரியில் மோதியவனைப் பிடிக்க வேண்டும். டெக்னீஷியன் ஈயக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்து 'மூச்சுப் பிடி' என்பான், பிள்ளையும் பிடிக்காது கிழவியும் பிடிக்க மாட்டாள், எப்சிபாதான் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பாள், முகம் பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். ஈய அங்கி ஒன்றே ஒன்று இருந்தது, அதை டெக்னீஷியன் நாற்காலியில் மெத்தையாகப் போட்டிருந்தான். ஆவுடையப்பன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு வருஷம் இதைப் பார்த்தார். பார்த்தார் அல்லவா, அதனால்தான் கணக்கை இரண்டாவது முறை ஓட்டினார். எல்லாம் அதே அட்டைகள், ஒரே ஒரு அட்டை மட்டும் வேறு: 'சி' இடம் நூறு சென்டிமீட்டர் என்பதை எடுத்துவிட்டு இருபது. ஒரு சாண். பெட்டியில் அடுக்கி ரயிலில் அனுப்பினார். முதல் ஓட்டத்தில் லட்சம் துகளில் 'சி'க்கு வந்தது முப்பத்தொன்று. இரண்டாவதில் அறுநூற்று நாலு. தாளை மடக்கி மடக்கி மூன்று தடவை பார்த்தார், அறுநூற்று நாலு. ஏறத்தாழ இருபது மடங்கு. அனுமதித்த அளவில் இருபதில் ஒரு பங்கு என்பது அனுமதித்த அளவேதான் என்று ஆகிவிட்டது. அந்த அளவையும் பிற்பாடு குறைத்துவிட்டார்கள், ரொம்ப அதிகமாக வைத்துவிட்டோம் என்று. அன்றைக்கு அது தெரியாது. தெரியாது என்பது ஒரு சவுகரியம். அறுநூற்று நாலு எங்கே போயிற்று? கைடுதான் எடுக்கச் சொன்னார். 'எடுத்துரும்வே' என்றார். மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே சொன்னார், 'ஆயாக்கள் மார்ல குத்துத பேட்ஜ்ல எவ்வளவு காட்டுது? ஒண்ணுமில்ல. உம்ம முதல் கணக்கும் ஒண்ணுமில்லங்கு. ரெண்டும் ஒத்துப்போகுதுல்லா, பெறகென்ன? எடுத்துரும்.' கைடு சொன்னால் எடுக்க வேண்டியதுதான். முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான். கைடு போய் இருபது வருஷம் ஆகிறது.

பேட்ஜ். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் கூடு, உள்ளே துண்டுப் படச்சுருள். கதிர் பட்டால் கறுக்கும். மாசம் ஒரு முறை வாங்கி அனுப்பி அளந்து எழுதிவிடுவார்கள், இந்த ஆயா மேல் இந்த மாசம் இவ்வளவு பட்டது என்று. எப்சிபாவின் பேட்ஜ் ஒரு மாசம்கூடக் கறுத்ததில்லை. கறுக்காது. அது அவள் மேல் இருந்ததே இல்லை. "சார்." அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து வந்தாள், குரலை இறக்கினாள். "உள்ள கூப்புட்டா என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நீங்க படிச்சவிய. ஆனா அந்த ஆணியை மட்டும் சொல்லிராதிய." இவளுக்கு எப்படித் தெரியும், அவருக்குத் தெரியும் என்று? "எந்த ஆணி?" "என்ன சார் இது. நீங்க உங்க பையத் தொங்கவிட்ட ஆணிதான். அதுலதான எம் பேட்ஜும் தொங்கும்." ஆமாம். கதவுக்கு வெளியே, கதிரை மறிக்கிற ஈயத்துக்கு இந்தப் பக்கம், ஒரே ஆணி. பேட்ஜ் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஆஸ்பத்திரி சூப்பிரண்டு எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தார். குனிந்து பிள்ளையைப் பிடிக்கும்போது ஊக்கு கழன்று விழும். அதனால் காலையில் வந்ததும் ஆணியில் மாட்டிவிடுவது, சாயந்தரம் போகும்போது பார்த்து எண்ணிவிடுவது. பக்கத்திலேயே பதிவேடு, 'அணிந்தேன்' என்ற கட்டத்தில் தினமும் கையெழுத்து. "முப்பத்தோரு வருசம் போட்டிருக்கேன் சார், அணிந்தேன் அணிந்தேன்னு. ஆணியச் சொன்னா அம்புட்டும் பொய்க் கையெழுத்தும்பாவ. மாத்திரையும் போயி, பென்சனும் போயி, உள்ள தூக்கி வச்சாலும் வைப்பாவ. எம் மருமகன் சொன்னான்." "உள்ளல்லாம் வைக்க மாட்டாங்க." "உங்கள வைக்க மாட்டாவ." சரிதான். அந்த வக்கீல் பையன் ஆப்பிளைக் கொடுத்த அதே கையால் பதிவேட்டை நீட்டுவான்: பாருங்கள், இவளே விதியை மீறியிருக்கிறாள், பேட்ஜைப் போடாதது யார் குற்றம்? ஆக, அட்டவணை சரி என்றால் இவளுக்கு மாத்திரை இல்லை. அட்டவணை தப்பு, ஏனென்றால் பேட்ஜ் ஆணியில் தொங்கியது என்றால், அப்போதும் இவளுக்கு மாத்திரை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இவள்மேல்தான் போய் விழுகிறது. உலகத்தில் எத்தனை இடம் இருக்கிறது, இவள் நிற்கிற இடமாகப் பார்த்து.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' என்றது. தண்ணீர்க் கேன் ஞாபகம் வந்தது, வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த சாமான், வந்துவிட்டது. கேன் ஒன்று அடி வளைந்தது, மேஜையில் நிற்காது, சாய்ந்துவிடும். "எப்சிபா, கொஞ்சம் பிடிச்சுக்க." அவர்தான் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து. அவள் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எத்தனை படம்? நாற்பது இருக்குமா. அறுபதா. மூச்சுப் பிடிக்கக்கூடச் செய்தாள், தண்ணீருக்காக, பழக்க தோஷம், இவர் சிரித்தார். அந்த நாற்பதில் ஒன்றா இந்த ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்தது? சொல்ல முடியாது. எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. லட்சத்தில் இத்தனை என்று சொல்லும், இது என்று சொல்லாது. பிள்ளைகளைப் பிடித்தபோது போனதாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் தானாகவே வந்த நோயாகவும் இருக்கலாம், வராதா என்ன, எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாத பெண்களுக்கெல்லாம் வருகிறது. இதை உள்ளே சொன்னால் இது உண்மை. முழு உண்மை. ஆஸ்பத்திரி இந்த உண்மையை இரு கையாலும் வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பெரிய உண்மை கைவசம் இருந்தாலும் எடுக்கிற இடம் சரியில்லையென்றால் அது அயோக்கியத்தனம்தான். அவள் கேட்பது அதை அல்ல. அந்த அறையில் எவ்வளவு பட்டது என்று நீ போட்டாயே ஒரு எண், அது சரியா என்றுதான். சரியில்லை. ஏன் சரியில்லாததைப் போட்டாய்? கைடு எடுக்கச் சொன்னார். 'எடுத்துரும்வே' என்றார். என்றாரா? மூக்குப்பொடி டப்பா. தட்டினார். தட்டிவிட்டு, 'உம்ம இஷ்டம்' என்றார். அப்படித்தான். 'ரெண்டு எண்ணும் இருக்கட்டும், எதைப் போடணும்ங்கது உம்ம இஷ்டம்.' இல்லையே, எடுத்துரும் என்றல்லவா. பேட்ஜைப் பற்றி யார் பேசியது? கைடுக்குப் பேட்ஜ் அளவு எப்படித் தெரியும், அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வந்ததில்லையே, ஃபினாயில் நாற்றம் ஆகாது என்பார். பேட்ஜ் அளவை எழுதிக்கொண்டு வந்தது யார்? எழுதும்போது ஆணியில் அது ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தது யார்?

வக்கீல் பையன் படி ஏறி வந்தான், இவரும் எப்சிபாவும் ஒரே பெஞ்சில் இருப்பதைப் பார்த்து ஒரு நொடி நின்றான். "என்ன சார், எதிர்க்கட்சியோட கூட்டணி வச்சுட்டியளா?" "ஒரே பெஞ்சுதான் போட்டிருக்கான்" என்றார் ஆவுடையப்பன். "அடுத்தது நீங்கதான் சார். ரெண்டு ஆமா." விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனான். எப்சிபா மடியிலிருந்து மாத்திரையை எடுத்துப் பாட்டில் தண்ணீரோடு விழுங்கினாள், விழுங்கிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வெளியே வராமல் பார்த்துக்கொள்கிற மாதிரி கொஞ்ச நேரம் நேராக உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாள் எங்கே? அறுநூற்று நாலு அடித்திருந்த தாள். அகலத் தாள், பச்சைக் கோடு போட்டது, ரெண்டு ஓரமும் ஓட்டை. மகளுக்கு அப்போது மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடம் திறந்திருந்தது, நோட்டுக்கு அட்டை போட வேண்டும் என்று பிச்சம்மாள் கேட்டாள். எடுத்துக் கொடுத்தார். கணக்கு நோட்டுக்குப் போட்டாள். அச்சு உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். எந்த மாசம்? பள்ளிக்கூடம் திறந்தது ஜூன். கைடிடம் பின்னிணைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஆகஸ்ட், அன்று மழை, குடைக்குள் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். ஜூனில் நோட்டு அட்டையாகப் போன தாளை ஆகஸ்டில் கைடு எப்படிப் பார்த்திருப்பார்? அவர் கைகள் முழங்காலில் அப்படியே இருந்தன. திரும்பக் கணக்குப் போட்டார். ஜூன். ஆகஸ்ட். திரும்பவும். பிழை இல்லை. காட்டவே இல்லை. மூக்குப்பொடி டப்பா, 'எடுத்துரும்வே', 'உம்ம இஷ்டம்', எல்லாம் இவரே அந்த மனுஷன் வாயில் வைத்தது. செத்தவன் வாய், எதை வைத்தாலும் கிடக்கும். அறுநூற்று நாலு என்ற எண்ணை உலகத்தில் பார்த்தது ஒரே ஒரு ஆள். ஏன் காட்டவில்லை? காட்டினால் கைடு கேட்பார், ஒரு சாண் தூரத்தில் யாருவே நிக்கா? ஒரு பொம்பளை நிற்கிறாள் சார். அப்போ அதை எழுதும். எழுதினால் சூப்பிரண்டு மறுநாள் கதவைச் சாத்துவார். அறை போச்சு, ஆய்வு போச்சு, கல்லூரியில் ரீடர் பதவி போச்சு. இவ்வளவையும் அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாரா? யோசிக்கவில்லை. நோட்டுக்கு அட்டை வேண்டும் என்றாள், மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாகத்தான் நடந்தது. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருந்தால்கூட இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

"சாட்சி ஆவுடையப்பன்!" எழுந்தார். முழங்கால் நின்று யோசித்துவிட்டு நிமிர்ந்தது. மூத்திரம் முட்டியது; முட்டட்டும். உள்ளே விசாரணை அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தாள். ஓரத்தில் கணினியின் முன்னால் தட்டச்சுப் பெண். எப்சிபா பின்னாலேயே வந்து சுவரைப் பிடித்து நின்றாள். வக்கீல் ஆய்வேட்டைத் தூக்கிக் காட்டினான், நீல அட்டை, அவருடையதுதான். "இந்த ஆய்வு நீங்க செஞ்சதுதானே?" "ஆமா." "பக்கம் நூத்திப் பதினெட்டுல உள்ள அட்டவணை சரிதானே?" அறையில் ஏசி இருந்தது, ஓடவில்லை. "தப்பு" என்றார். வக்கீல் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "சார், கேள்விய இன்னொரு தடவை..." "காது கேக்குது. தப்பு. ரெண்டு தடவை கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர்ல நின்னா முப்பத்தொண்ணு. இந்தம்மா நின்ன இடத்துல அறுநூத்தி நாலு. முப்பத்தொண்ணைப் போட்டேன். அறுநூத்தி நாலை ஒளிச்சேன்." அதிகாரி அம்மாள் கண்ணாடியை இறக்கினாள். "அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" "இல்ல. எம் மக நோட்டுக்கு அட்டை போட்டாச்சு." யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் சுதாரித்துக்கொண்டான், கெட்டிக்காரன், சரியான இடத்துக்கு வந்தான்: "பேட்ஜ் அளவும் முதல் கணக்கும் ஒத்துப்போனதாலதானே ரெண்டாவதைத் தள்ளினிய? பேட்ஜும் கணக்கும் ஒத்துப்போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கிய. அப்போ, பேட்ஜ் சரியா, தப்பா?" இதுதான். எப்சிபாவை அவர் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் முகமே ஆணியைக் காட்டிக் கொடுத்துவிடும், அந்தப் பையன் அதைப் பின்தொடர்ந்து போய்ப் பதிவேட்டைத் திறப்பான். "பேட்ஜை நான் பாக்கவே இல்ல" என்றார். பொய். நாவில் தடுக்காமல் வந்தது, தேர்ந்த நாக்கு. "எம் முப்பத்தொண்ணுக்கு ஒரு துணை வேணும்னு அதை எழுதினேன். எனக்குப் பட்டம் வேணும். ஒரு பொம்பளை பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு அங்க நிக்கான்னு எழுதினா உங்க ஆஸ்பத்திரி என்னைக் கதவுக்கு வெளிய நிறுத்தியிருக்கும். அவ்வளவுதான் காரணம். வேற யாரு மேலயும் தப்பு இல்ல." "அப்போ உங்க டாக்டர் பட்டம் பொய்யில வாங்கினது. அப்படி எழுதிக்கிடலாமா?" "எழுதிக்கிடுங்க." வக்கீல் ஆய்வேட்டை மூடிவிட்டு உட்கார்ந்தான். அதிகாரி அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், மரியாதையாகவா அருவருப்பாகவா என்று தெரியவில்லை, ரெண்டும் ஒரே பார்வையில் இருக்கலாம். தட்டச்சுப் பெண் மட்டும் நிமிர்ந்து தயங்கினாள். "சார், மேல 'முனைவர் ச. ஆவுடையப்பன் ஆகிய நான்'னு முதல்லயே அடிச்சு வச்சிருக்கேன். இப்பம் அந்த முனைவர..." அவளுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "அழிச்சிரவா?" அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காத. இருக்கட்டும்" என்றார். "அது இல்லன்னா நான் சொன்னத இங்க எவன் நம்புவான்."